தோட்டத்தில் ஒரு நாற்காலி

சலூன்காரர் ஒரு தலையை முடித்த கையோடு துடைப்பத்தை எடுத்துவிடுவார். அடுத்த ஆள் வந்து நாற்காலியில் சாய்வதற்குள் தரையில் ஒரு முடிகூடக் கிடக்கக் கூடாது என்பது அவர் கடையின் சட்டம். கண்ணாடிக்கு முன்னால் சீப்புகள் எல்லாம் ஒரே பக்கம் பல்லைக் காட்டிப் படுத்திருக்கும். காத்திருப்பவர்களுக்கு பெஞ்சும் பேப்பரும் உண்டு. அவருக்கென்று ஒரு முக்காலிகூடக் கிடையாது. கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை நின்றபடியே இருப்பார், டீயைக்கூட நின்றுதான் குடிப்பார். "உட்கார்ந்து பழகிட்டா கை சோம்பிடும் சார்" என்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அன்று காலை நாற்காலியில் சாய்ந்திருந்தவர் தெரு நலச்சங்கத்தின் செயலாளர். கன்னம் முழுக்க நுரை. நுரைக்கு நடுவிலும் வாய் ஓயாத மனிதர்.

"ஏங்க, கடையைப் பார்த்தா கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு. வீட்டு வாசலைப் பார்த்தா குப்பை லாரி கவுந்த மாதிரி இருக்கு. ரெண்டும் ஒரே ஆளோடதுதானா?"

பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரைத் தாழ்த்தினார்கள்.

"தோட்டம் எல்லாம் வீட்ல அவங்க பாத்துக்கறது சார்."

"பாத்துக்கறாங்களா? நானும்தான் தினம் பாக்கறேன். சாயங்காலம் ஆனா நட்டநடுவுல நாற்காலியைப் போட்டு மகாராணி மாதிரி உட்கார்ந்துடறாங்க. சரி சரி, கோவிச்சுக்காதீங்க. கழுத்து உங்க கையில இருக்கு!"

பெஞ்சு சிரித்தது. சலூன்காரரும் சிரித்துவைத்தார். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. அந்தப் பட்டப்பெயர் தெருவில் ரொம்ப நாளாகவே புழங்கி வருகிறது. நேருக்கு நேராக அவர் கேட்டது அன்றைக்குத்தான்.

தெரு 'மகாராணி' என்று பெயர் வைத்த அந்த அம்மாள், அதாவது சலூன்காரரின் மனைவி, ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவர். கட்டில் விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு என்று பகல் முழுக்க நின்று, ஆவியில் வெந்து வீடு திரும்புவார். இதைத் தெரு பார்த்ததில்லை. கண்ணில் படாத வேலையை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்? தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் சாயங்காலத்து நாற்காலி மட்டும்தான்.

போன வருஷம் அவருக்கு முதுகுத்தண்டில் டிஸ்க் என்கிற தட்டு ஒன்று நழுவிவிட்டது. அவர் இஸ்திரி போட்ட கோட்டையே மாட்டிக்கொண்டு வந்த டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நிக்கலாம், நடக்கலாம். குனிஞ்சு மட்டும் எதையும் தூக்காதீங்க, பிடுங்காதீங்க. இன்னொரு தடவை நழுவிச்சுன்னா ஆபரேஷன்தான். அப்புறம் இஸ்திரி மேஜைப் பக்கமே போக முடியாதும்மா" என்றார்.

மகாராணிக்கு மேஜையைவிடத் தோட்டத்தின் ஞாபகம்தான் முதலில் வந்தது. வாசலில் இருக்கும் கையகல இடத்தில் தக்காளி, கத்திரி, மிளகாய், வேலியோரம் ஒரு பூசணிக்கொடி என்று ஆசை ஆசையாக வளர்த்து வந்தார். காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர், லீவு நாளில் களை பிடுங்குவது என்று எல்லாமே குனிகிற வேலை. இனி அது நடக்காது. விட்டுவிடவும் மனசு இல்லை.

வழி ஆஸ்பத்திரியின் பின்புறத்திலேயே கிடைத்தது. கொதிகலன் அறைக்குப் பின்னால் துடைப்பம் நுழையாத ஒரு சந்து இருந்தது. மரத்து இலைகள் வருஷக்கணக்காக விழுந்து அடுக்கடுக்காகக் கிடந்தன. யாரோ சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கொட்டியதில் ஒரு தக்காளிச் செடி முளைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல், காய்த்துத் தொங்கியது. மகாராணி செருப்புக் காலால் இலைகளை விலக்கிப் பார்த்தார். மேலே மொறுமொறுவென்று காய்ந்த சருகு, அடியில் ஈரமான கறுத்த மண். மண்புழு நெளிந்தது. நாலடி தள்ளி, தினமும் பெருக்குகிற இடத்தில் மண் ஓடு மாதிரி வெடித்துக் கிடந்தது.

"அட, இவ்வளவுதானா விஷயம்!" என்று வாய்விட்டே சொன்னார்.

அது இலை உதிர்கிற காலம். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் சருகைப் பெருக்கிக் குவித்துத் தீ வைத்துக்கொண்டிருந்தார்கள். புகையில் கண் எரிய, எல்லோரும் கண்ணைக் கசக்கியபடி சுத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "கொளுத்தாதீங்க, எங்க வாசல்ல கொட்டிடுங்க" என்றார் மகாராணி. தெருவுக்குக் கசக்குமா? சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார்கள். கடைகளில் தூக்கிப் போட்ட அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, காலாலேயே தள்ளி மண்மேல் பரப்பி, அதன்மேல் சருகை மொத்தமாக மூடினார். செடிகளின் தண்டைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விட்டார். விவசாயம் தெரிந்தவர்கள் இதை மூடாக்கு என்பார்கள். தெரு இதைக் குப்பை என்றது.

மூடாக்கு அதன் வேலையைப் பார்த்தது. வெளிச்சம் இல்லாமல் களை தலை தூக்கவில்லை. வெயில் மண்ணைத் தொடவில்லை. எப்போதாவது ஒருமுறை நின்றபடியே குழாயைத் திறந்துவிட்டால் போதும், ஈரம் நாள்கணக்கில் நின்றது. அடியில் இருந்த இலை மக்கி எருவானது. செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால் மகாராணி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். காய்த்துக் குலுங்கிய தக்காளி எதிர்வீட்டுக்கும் செயலாளர் வீட்டுக்கும்கூடப் போனது. சாப்பிட்டார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். சாப்பிட்டு முடித்து, "கொடுத்துவெச்ச மகாராணி, உட்கார்ந்த இடத்துலயே எல்லாம் நடக்குது" என்றும் சொன்னார்கள்.

அந்தத் தெருவின் நியாயம் அப்படி. செயலாளரின் மனைவி முட்டிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு காலையும் மாலையும் வாசலைப் பெருக்குவார். பெருக்கி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படியேறுவார். அவருக்குச் சுறுசுறுப்பானவர் என்று பெயர். வலி வெளியே தெரிந்தால்தான் அங்கே உழைப்பு.

கிண்டல் நடந்த அந்த வாரமே சலூனுக்கு விடுமுறை வந்தது. மகாராணி வேலைக்குப் போயிருந்தார். சலூன்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார். அவர் கெட்டவர் இல்லை. மனைவியின் முதுகை நினைத்துத்தான் அவர் வருவதற்கு முன்பே தானே முடித்துவிட நினைத்தார். அந்தத் தோட்டம் ஏன் அப்படிக் கிடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. சருகை வாரினார். ஊறிப்போன அட்டைகளை உரித்து எடுத்தார். கிருதாவை ஒதுக்குகிற நேர்த்தியில் பாத்தியின் ஓரங்களைச் செதுக்கினார். கடைசியாக, மண்ணைத் துடைத்து வைத்த தரைபோலப் பெருக்கினார். காய்ந்ததும் ஈரமானதுமாக எல்லாவற்றையும் தெருமுனையில் குவித்துத் தீ வைத்தார். மத்தியானம் முழுக்கப் புகைந்தது. செயலாளர் இருமிக்கொண்டே வந்து அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த மகாராணி கேட்டைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார்.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க?"

"இதுக்கு யாரைக் கேக்கணும்? உனக்குக் கஷ்டம் வேண்டாம்னுதானே நானே செஞ்சேன். பாரு, எவ்வளவு லட்சணமா இருக்கு!"

"என் கஷ்டத்தை எல்லாம் அந்த இலைதாங்க பாத்துக்கிட்டு இருந்துச்சு."

"இலை எங்கயாவது வேலை செய்யுமா? தெருவே சிரிக்குது. என் கடையில வந்து, என்னையே வெச்சுக்கிட்டுப் பேசறாங்க. உனக்கு என்ன பேர் வெச்சிருக்காங்கன்னு தெரியுமா?"

"தெரியும். நல்ல பேர்தானே." மகாராணி பையைப் படியில் வைத்தார். "அவங்க சிரிச்சா உங்களுக்கு வலிக்குது. நான் குனிஞ்சா எனக்கு வலிக்கும். எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க."

சலூன்காரர் மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்துவிட்டார். "தினமும் நானே தண்ணி ஊத்திடறேன், விடு" என்று முனகிவிட்டுக் கை கழுவப் போனார்.

சொன்னபடி ஓரிரு நாள் ஊற்றவும் செய்தார். பிறகு கடையில் கூட்டம், காலையில் சீக்கிரம் திறக்க வேண்டியிருந்தது, மறந்துவிட்டது. வெயில் மறக்கவில்லை. மூடியிருந்த மண் திறந்து கிடந்ததும் நாலே நாளில் வெளுத்து இறுகியது. கத்திரி இலைகள் உச்சி வெயிலில் துவண்டு தொங்கின. ஊற்றிய தண்ணீர் ஓடியதே தவிர இறங்கவில்லை. இத்தனை நாள் இருட்டில் கிடந்த களை விதைகள் மட்டும், வெளிச்சம் கிடைத்ததே என்று கும்பல் கும்பலாக முளைத்தன. திரும்ப மூடலாம் என்றால் மரங்கள் உதிர்த்து முடித்துவிட்டன. தெருவில் மிச்சமிருந்தது சாம்பல்தான்.

காய்க்கிற செடியைக் கண்ணெதிரே காயவிட மகாராணியால் முடியவில்லை. காலையில் வேலைக்குப் போகும் முன் வாளியைத் தூக்கினார். திரும்பி வந்ததும் உட்கார்ந்து களை பிடுங்கினார், உட்கார முடியாதபோது குனிந்து பிடுங்கினார். தோட்டத்து நாற்காலி வீட்டுக்குள் போய்விட்டது.

தெருவுக்குப் பரம திருப்தி. "இப்பத்தான் வீடு வீடா இருக்கு. அம்மாவும் நல்லா சுறுசுறுப்பாயிட்டாங்க போலிருக்கே?" என்றார் செயலாளர், சலூன் நாற்காலியில் சாய்ந்தபடி. சலூன்காரருக்கு உச்சி குளிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் வீட்டில் நடந்ததை அவர் சரியாகப் பார்க்கவில்லை. மனைவி ஒருக்களித்தே படுப்பதும், எழுந்திருக்கச் சுவரைத் தேடுவதும் கண்ணில் பட்டன. நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டார். நாளை என்பதற்கு அவசரமே கிடையாது.

ஒரு சாயங்காலம், கத்திரிச் செடிக்கு அடியில் ஆழமாக வேர்விட்ட ஒரு புல்லைப் பிடித்து மகாராணி இழுத்தார். புல் வந்தது, மகாராணியால் நிமிர முடியவில்லை. அப்படியே பக்கவாட்டில் மண்ணில் சாய்ந்தார். எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டுக் கத்த, ஆள்கள் ஓடிவந்தார்கள். சலூன்காரர் ஒரு கன்னம் வழித்த ஆளை அப்படியே விட்டுவிட்டு, தோளில் துண்டோடு ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர்தான். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார். "இப்போதைக்கு ஆபரேஷன் இல்லாம பாக்கறேன். அசையாம படுக்கணும். இதுதான் கடைசி எச்சரிக்கை." சலவைக்கூடத்தில் லீவு கொடுத்தார்கள். எழுந்து வரும்வரை இஸ்திரி மேஜை காத்திருக்குமா என்று கேட்டதற்கு மேற்பார்வையாளர் தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை.

முன் அறையில் பாயை விரித்து மகாராணியைப் படுக்க வைத்திருந்தார்கள். தெரு விசாரிக்க வந்தது. எதிர்வீட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாவம், எவ்வளவு உழைப்பு! நானும் இத்தனை நாளா பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். குனிஞ்ச தலை நிமிரல. இந்தக் காலத்துல யாரு இப்படி உழைக்கிறா?"

வந்தவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். உண்மையான மரியாதையோடுதான் சொன்னார்கள். அவர்கள் போனபின், கூரையைப் பார்த்துக்கொண்டே மகாராணி பேசினார்.

"பாத்தீங்களா? நல்லா இருந்தப்ப மகாராணின்னாங்க. படுத்த படுக்கையானதும் உழைப்பாளி ஆயிட்டேன்."

குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. அதுதான் சலூன்காரரை உலுக்கியது. இத்தனை நாளும் கடையில் நின்று தான் வாங்கிக்கொண்ட பாராட்டு யாருடைய முதுகை ஒடித்து வந்தது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. எழுந்து வெளியே போய் வாளியை எடுத்தார்.

தண்ணீர் ஊற்றினார், களை பிடுங்கினார். நாள் முழுக்க நின்று பழகிய உடம்பு குனிய மறுத்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, பாதித் தோட்டத்தில் நாலு அங்குல உயரக் களை இன்னும் அப்படியே நின்றது. ஜன்னலருகில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தா, அந்த இலைக்குப் பதிலா வேற ஏதாவது போடலாமா?"

அந்தத் தோட்டத்தைப் பற்றி அவர் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"வெளிச்சத்தை மறைக்கணும், மெதுவா மக்கணும். அவ்வளவுதாங்க. எதுவா இருந்தா என்ன?"

"கடையில பழைய பேப்பர் மலையா கிடக்கு."

"கொண்டாங்க. நனைச்சு, கனமா விரிங்க."

"முடிகூடத் தினம் ஒரு கூடை விழுது."

"அது மட்டும் வேண்டாம். செயலாளர் தலைமுடி என் கத்திரிக்காய்க்கு ஆகாது."

படுத்த நாளுக்குப் பிறகு இருவரும் அப்போதுதான் சிரித்தார்கள். சிரித்ததில் மகாராணிக்கு முதுகு வலித்தது.

சலூன்காரர் பேப்பரைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தார். வாடிக்கையாளர் கழுத்தில் துணி சுற்றுகிற பழக்கத்தில் செடியின் தண்டோடு ஒட்டி இறுக்கி விரித்தார். ஜன்னலிலிருந்து குரல் வந்தது: "கழுத்தை நெரிக்காதீங்க! தண்டு அழுகிடும். ஒரு கை அகலம் விடுங்க." விட்டார். விளையாட்டு மைதானத்தில் வெட்டிப் போட்ட புல்லைக் கேட்டு வாங்கி, காயவைத்து, பேப்பர் தெரியாமல் மேலே பரப்பினார். சில செடிகள் போனது போனதுதான். தக்காளி தழைத்தது. பூசணி பிழைத்துக்கொண்டது. வாளிக்கு வேலை குறைந்து, பிறகு அது கவிழ்த்து வைக்கப்பட்டது.

மகாராணி எழுந்து நடமாடத் தொடங்கினார். சலவைக்கூடத்திலிருந்து, வந்து சேரலாம் என்று ஆள் அனுப்பினார்கள். தோட்டத்துக்கு நாற்காலி திரும்பியது. ஒரு விடுமுறை நாளில் அதன் பக்கத்தில் இன்னொன்றும் வந்தது. சலூன்காரர் அதன் நுனியில், யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்பதுபோல உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு அக்கா வேலிக்கு வெளியே நின்றார்.

"என்ன, ரெண்டு பேரும் சும்மா உட்கார்ந்துட்டீங்க?"

பழக்கதோஷம், அவர் எழுந்துவிட்டார். கை துடைப்பத்தைத் தேடியது. மகாராணி சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்.

"உட்காருங்க. வேலைதான் நடந்துக்கிட்டு இருக்கே."

மறுநாள் காலை செயலாளர் வந்தார். நுரை பூசியாயிற்று. கத்தி கன்னத்தில் இறங்கி, தாடைக்குக் கீழே வந்தது.

"நேத்து மகாராஜாவும் கொலுவுல உட்கார்ந்துட்டாராமே? மறுபடியும் குப்பையா?"

கத்தி நின்றது. கழுத்திலேயே நின்றது. பெஞ்சில் பேப்பர்கள் தாழ்ந்தன.

"சார், ஒரு நிமிஷம். இப்ப நீங்க பேச முடியாது, அதனால நான் பேசிடறேன்." சலூன்காரரின் குரல் உயரவில்லை. "எங்க வீட்ல செடி நல்லா இருந்துச்சு. அவளும் நல்லா இருந்தா. அவ உட்கார்ந்திருந்தது மட்டும்தான் நம்ம கண்ணை உறுத்துச்சு. நீங்க சிரிச்சீங்க. நான் அதைக் கேட்டுட்டுப் போய், அவளுக்காகப் பாடுபட்ட இலையை எல்லாம் கொளுத்தினேன். அவ படுத்தா. அப்புறம்தான் தெருவே அவளைப் பாராட்டுச்சு. இது என்ன நியாயம் சார்? வேலை முடிஞ்சுதான்னு பாருங்க. செஞ்சவங்க முதுகு ஒடிஞ்சுதான்னு பார்க்காதீங்க. கஷ்டப்படாம ஒரு வேலை முடிஞ்சா அது சோம்பேறித்தனம் இல்லை, புத்திசாலித்தனம். மத்தவங்க வலியைப் பார்த்துத்தான் மரியாதை கொடுப்போம்னா, அந்த மரியாதையே வேண்டாம்."

மீதிக் கழுத்தையும் பதமாக வழித்து, துடைத்து, துணியை உதறினார். செயலாளர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். காசை எடுத்து வைத்தார். இறங்கி நடந்தார்.

சலூன் வாசலிலிருந்து பார்த்தால் செயலாளர் வீடு தெரியும். அவர் மனைவி முட்டிக்கட்டோடு குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தார். செயலாளர் கேட்டருகில் நின்றார். தினமும் பார்க்கிற காட்சிதான், அன்றைக்குத்தான் முதல் முறை பார்ப்பவர்போல நின்றார். பிறகு போய் மனைவியின் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கினார். பெருக்கவில்லை. சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.